வாகையும் வீரையும்

ஸ்கந்தபுரத்துக்கு அப்பால், காட்டோரமாக, சிவராசாவுக்கு ஒரு காணி இருந்தது. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலையகத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்த அவருடைய தகப்பன், கோடரியால் வெட்டித் திருத்திய காணி அது. யுத்தத்தின் கடைசிக் காலத்தில் குடும்பம் அதை விட்டு ஓடியது. திரும்பி வந்தபோது, கண்ணிவெடி அகற்றி முடியும்வரை உள்ளே போக விடவில்லை. விட்ட நாளில் போய்ப் பார்த்தால் காணியைக் காணவில்லை. காடுதான் நின்றது. முகப்பில் வன எல்லைக்கல் ஒன்றும் நட்டிருந்தது.

காணிப் பத்திரம் இடம்பெயர்வில் எங்கேயோ தொலைந்திருந்தது. சிவராசாவும் மனைவி வடிவம்மாவும் மகளுடைய வளவில் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு, வருடக்கணக்காக மனுக் கொடுத்தார்கள். இந்த ஆனி மாதம் ஒருவழியாக, நேரில் வந்து பார்ப்பதாக வனத் திணைக்களத்திலிருந்து செய்தி வந்தது.

அன்று காலை தேத்தண்ணி குடிக்கும்போது வடிவம்மா கேட்டாள்.

"எத்தினை ஏக்கர் எண்டு சொல்லப் போறியள்?"

"மூண்டு."

"மாமா வெட்டினது ரெண்டுதானே?"

"பின்பக்கமும் வெட்டத்தானே இருந்தனாங்கள். சண்டை வராட்டி வெட்டியிருப்பம். ரெண்டும் ஒண்டுதான்."

வடிவம்மா கோப்பையைக் கீழே வைத்தாள். ஒரு பொய் பிடிபட்டால் உண்மையான இரண்டு ஏக்கரையும் யார் நம்பப் போகிறார்கள் என்பதுதான் அவளுடைய பயம். அந்த மனிதர் இத்தனை வருடமாக 'மூண்டு ஏக்கர், மூண்டு ஏக்கர்' என்று சொல்லிச் சொல்லித் தானே அதை நம்பிவிட்டிருந்தார்.

வந்த அலுவலரின் பெயர் பிரியந்தினி. வவுனியாப் பிள்ளை, முப்பது வயது மட்டில் இருக்கும். மோட்டார் சைக்கிளை எல்லைக்கல்லடியில் நிறுத்திவிட்டு, நீண்ட சப்பாத்தை மாட்டிக்கொண்டாள்.

"ஐயா, பத்திரம் இல்லாதபடியால் நான் கண்ணால காணுறதைத்தான் எழுதலாம். காடெண்டால் காடு. ஆக்கள் இருந்த இடமெண்டால் அதுக்கு அடையாளம் வேணும்."

"அடையாளம் நிறையக் கிடக்கு மிஸ். வாங்கோ" என்று சிவராசா கத்தியால் நாயுண்ணிப் பற்றையை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். கிளிநொச்சியில் மேசன் வேலைக்குப் போகத் தொடங்குமுன் அவர் விறகு வெட்டிப் பிழைத்தவர். காட்டுக்குள் கால் வைத்தாலே நடை மாறிவிடும். வடிவம்மா தண்ணீர்ப் போத்தலோடு பின்னால் போனாள்.

முதலில் நின்றவை வாகைகள். உயர்ந்து, கிளை பரப்பி, பார்க்கப் பெரிய காடு போலவே இருந்தன. காய்ந்த நெற்றுகள் காற்றில் சலசலத்தன.

"இந்த உயரத்தைப் பாத்துப் பயப்பிடாதைங்கோ மிஸ். வாகை அவசரக்காரன். விட்ட நிலத்தில முதல் வந்து குந்துறது அவன்தான். பதினைஞ்சு வருசத்தில இவ்வளவும் வளர்ந்திடுவான்."

பிரியந்தினி நாடாவை எடுத்து அடிமரத்தைச் சுற்றி அளந்தாள். "ஓம், இளமரம்தான்."

கொஞ்சத் தூரத்தில் விளாத்திகள், இரண்டு கொன்றைகள், வேலி போல அடர்ந்த இப்பில் இப்பில் மரங்கள். எல்லாமே ஒரு வயது. அவற்றுக்கு நடுவில், வெளிச்சம் தேடி மெலிந்து நீண்ட ஒரு தேசிமரம். சிவராசா அதன் இலையைக் கசக்கிப் பிரியந்தினியின் கையில் கொடுத்தார். அவள் எலுமிச்சை மணத்தை மோந்து பார்த்துச் சிரித்தாள்.

"இதைக் காட்டில ஆர் நட்டது?"

"நான்தான் நட்டனான், மிஸ்" என்றாள் வடிவம்மா. "குசினிக் கழிவுத் தண்ணி போற வழியில நட்டது. குசினி இதில நிண்டது."

அங்கிருந்து சிவராசா அவர்களைக் காணியின் வடக்குப் பக்கமாகக் கூட்டிப்போனார். அங்கே ஒரு வரிசை மரம். கிளுவையும் பூவரசும் மாறி மாறி, ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளியில் நின்றன. பூவரசில் ஒன்றிரண்டு மஞ்சள் பூ. கிளுவையின் பட்டை காகிதம் போல உரிந்து தொங்கியது. உரிந்த இடத்தில் பச்சை.

"வேலிக்கெண்டு ஊண்டின கதியால் தடியள், மிஸ். பிறகு வெட்டுவார் இல்லாமல் மரமாப் போச்சுது. காட்டு மரம் தன்ர பாட்டுக்கு முளைக்கும். இப்பிடிப் பள்ளிக்கூடப் பிள்ளையள் மாதிரி வரிசையில நிக்காது."

பிரியந்தினி ஒரு கிளுவையின் அடியைத் தடவினாள். முட்கம்பி ஒன்று பட்டைக்குள் புகுந்து, மறுபக்கத்தால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கைபேசியால் நாலைந்து படம் எடுத்தாள். "இது போதும் ஐயா. இதுக்கு மேல ஒரு அடையாளமும் தேவையில்லை." சிவராசாவின் முகம் பூரித்துப் போனது. வடிவம்மாவுக்கும் நெஞ்சில் இருந்த கல் பாதி இறங்கியது. இதோடு நிறுத்திவிட்டுத் திரும்பினால் போதும் என்று நினைத்தாள்.

"பின்பக்கமும் எங்கடைதான், மிஸ்" என்றார் சிவராசா.

வேலி முடிந்த இடத்திலிருந்து பின்பக்கம் தொடங்கியது. வெளிச்சம் சட்டென்று குறைந்தது. காலடியில் நாயுண்ணி இல்லை, சருகுதான். சோளகக் காற்றும் உள்ளே வரவில்லை. பெரிய பாலைமரம் ஒன்று நின்றது. கரிய பட்டை கட்டம் கட்டமாக வெடித்திருந்தது. உச்சியில் குரங்குகள் பழம் தின்றுகொண்டிருந்தன.

"இது பழைய மரமெல்லோ?"

"நிழலுக்கெண்டு அப்பர் விட்ட மரம், மிஸ்."

பிரியந்தினி தலையாட்டினாள். அப்படி ஒன்றிரண்டு மரத்தை விடுவது வழக்கம்தான். வடிவம்மா கீழே பார்த்துக்கொண்டு நடந்தாள்.

சிறிது தூரம் போனதும் பிரியந்தினி இன்னொரு மரத்தடியில் நின்றாள். அடிமரம் ஈரத் துணியை முறுக்கியது போல முறுகி, ஒரு ஆள் ஒளியக்கூடிய பள்ளங்களோடு இருந்தது.

"ஐயா, இது வீரைதானே? பட்டையை மட்டும் பாத்தால் எனக்கு எப்பவும் குழம்பும்."

சிவராசா கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டார். "பட்டையைப் பாக்காதைங்கோ. உடம்பைப் பாருங்கோ. வன்னியில இப்பிடி முறுகி நிக்கிறது வீரைதான். இளசில நேராத்தான் நிக்கும். வயது போகப் போகத்தான் இந்தப் பள்ளமெல்லாம் விழும். சரியான பொறுமைக்காரன். வருசத்துக்கு ஒரு நூல் பருமன் கூடினாலே பெரிய காரியம்."

"அப்ப இதுக்கு எத்தினை வயது இருக்கும்?"

"நூறுக்கு மேல, மிஸ்! என்ர அப்பர் இஞ்ச வந்த அண்டைக்கும் இது இந்தப் பருமன்தான். அப்பர் கோடரியோட வந்து பாத்திட்டு, 'இதோட மல்லுக்கட்ட ஏலாது, இந்தப் பக்கத்தைப் பிறகு பாப்பம்' எண்டு திரும்பிப் போனவர். அங்க பாருங்கோ, அந்தக் கருங்காலி. அதுவும் அப்பிடித்தான். அந்த முதிரையும்..."

நீட்டிய கை அப்படியே நின்றது.

முதலில் சிரித்தது வடிவம்மாதான். அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிரியந்தினி சிரிக்கவில்லை. ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டு மேலே பார்த்தாள்.

சிவராசா வீரையின் வேரில் உட்கார்ந்தார்.

"வெட்டியிருப்பம், மிஸ்" என்றார். "அந்த வருசம்தான் வெட்ட இருந்தது. பெடியனுக்கெண்டு நினைச்சது." அவர்களுடைய மகன் அந்த இடம்பெயர்விலிருந்து திரும்பி வரவில்லை. அதைக் கேட்டதும் வடிவம்மாவின் சிரிப்பு நின்றுபோனது.

பிரியந்தினி எதிரே சருகில் குந்தினாள். "ஐயா, நீங்கள் சொன்னதுகளை நான் எழுதவோ?"

"மரத்தைப் பற்றிச் சொன்னது எல்லாம் உண்மை, பிள்ளை. அதை எழுதுங்கோ."

திரும்பும் வழியில் பாலையடியில் குரங்குகள் உதிர்த்த பழத்தில் நல்லதாய்ப் பார்த்து வடிவம்மா பொறுக்கினாள். மூன்று பேரும் நின்று தின்றார்கள். பாலைப்பழத்துப் பால் உதட்டில் ஒட்டிப் பிடித்தது. கதைக்க இயலாமல் இருந்தது ஒருவிதத்தில் நல்லதாகவும் இருந்தது.

வீட்டில் சிவராசா இரண்டு நாள் ஒருவரோடும் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் தானாகவே, "நீ ஏன் சிரிச்சனி?" என்று கேட்டார்.

"பயத்தில சிரிச்சனான். உங்கட பொய்யை விட நீங்கள் அந்த மரத்தைப் பற்றிச் சொன்னது எனக்கு நல்லாப் பிடிச்சிருந்தது."

அவர் மண்வெட்டிப் பிடியைச் சீவத் தொடங்கினார்.

ஐப்பசிக்கு முன் முடிவு வந்தது. வேலி வரிசை முடியும் இடம் வரைக்கும், இரண்டு ஏக்கர், அவர்களுக்கு. எல்லைக்கல் பின்னால் போய்ப் பாலையடியில் நின்றது. வாகைகளைத் தறித்து, வேர் கிளப்பி, முதல் மழைக்குக் கச்சான் கடலை போட்டார்கள்.

ஒரு நாள் கச்சானுக்குப் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்துக் கிராமத்துத் தில்லைநாதன் வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய வயற்காரர். அவருடைய மேட்டுக்காணியிலும் வன எல்லைக்கல் நட்டிருந்தார்கள்.

"அண்ணை, எனக்கும் மரம் பாக்க வருகினம். நீங்களும் வந்து நிண்டு கதைச்சால் பெரிய உதவி."

சிவராசா வடிவம்மாவைப் பார்த்தார். அவள் நிமிராமலே தில்லைநாதனிடம் சொன்னாள்.

"கூட்டிக்கொண்டு போங்கோ. ஆனால் முதலில உங்கட காணி உண்மையில எவ்வளவு எண்டு யோசிச்சுப் பாருங்கோ. இவர் மரத்தடியில நிண்டால் பொய் சொல்லமாட்டார்."

தில்லைநாதன் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு உண்மையாகவே யோசித்தார். வரம்பில் குந்தி ஒரு வெற்றிலை போடும் நேரம் யோசித்தார்.

"சரி, வாங்கோ" என்றார். "கிழக்குப் பக்கத்தை நான் கேக்காமல் விடுறன்."

சிவராசா கையைக் கழுவிக்கொண்டு, சைக்கிளை எடுக்கப் போனார்.