ஞாபகம் கூடியிருக்கிறது

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. தார்வாடில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் முதுமை ஆய்வு மையத்தில் மந்தாகினி வேலை பார்க்கிறாள். ஒருநாள் மழைக்கு என் வாசலில் ஒதுங்கியவள் நின்றபடியே சொன்னது. எழுதலாமா என்று கேட்டேன். "பேரை மாத்திக்கோங்க" என்றாள். மாற்றிவிட்டேன், அவளுடையது உட்பட.

மூன்று முறை தொடங்கினேன். 'எழுபத்தொரு வயதிலும் பசவண்ணெப்பாவுக்கு எல்லாம் நினைவிருந்தது.' இது லேகிய விளம்பரம் போல இருக்கிறது. 'நீலம்மா பொய் சொல்கிறாள் என்றுதான் மந்தாகினி முதலில்' என்று இன்னொன்று. முடிக்க மனம் வரவில்லை, அப்படியே விடுகிறேன். மூன்றாவது கீழே.

2

மந்தாகினி தேடுவது நோயாளிகளை அல்ல. வயதாக ஆக மூளை எப்படி மாறுகிறது என்று பத்து வருடம் தொடர்ந்து பார்க்க, இன்றைக்கு நல்லபடியாக இருக்கும் முதியவர்கள் வேண்டும். பக்கவாதம் வந்திருக்கக் கூடாது, காது கேட்க வேண்டும், முப்பது மதிப்பெண் சோதனையில் குறைந்தது இருபத்தாறு எடுக்க வேண்டும். (வருகிறவர்கள் இதைப் பரீட்சை என்றே நினைக்கிறார்கள். ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் புதுப் பேனா வாங்கி வந்தாராம்.) கடைசியாக, கூட வாழும் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும்: பத்து வருடத்தில் இவர் ஞாபகம் குறைந்திருக்கிறதா, அப்படியே இருக்கிறதா, கூடியிருக்கிறதா.

விதைப் பண்ணையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பசவண்ணெப்பா முப்பதுக்கு முப்பது எடுத்தார். அவர் மனைவி நீலம்மா சாட்சிப் படிவத்தில் மூன்றாவது கட்டத்தில் குறியிட்டாள். அந்தக் கட்டத்தில் அதுவரை யாரும் குறியிட்டதில்லை.

3

"அவ்வா, கூடியிருக்குன்னு போட்டிருக்கீங்க. கை தவறிடுச்சா?" என்று அந்தப் பாட்டியிடம் கேட்டாள் மந்தாகினி.

"சரியாத்தான் போட்டேன் தாயி. முன்னெல்லாம் மூணு சாமான் வாங்கப் போனா ரெண்டை மறந்துட்டு வர்ற மனுஷன். இப்போ என் கல்யாணத்துக்கு முந்தின நாள் எனக்கு நடந்ததைச் சொல்றார்."

"நீங்க என்னிக்காவது சொல்லியிருப்பீங்க."

"புருஷன்கிட்ட சொல்ற விஷயமா அது?"

அன்று காலை, பூசிய மஞ்சள் காயாத கையோடு, பத்தொன்பது வயது நீலம்மா அள்னாவர் ஸ்டேஷனுக்கு நடந்துபோய் மீரஜ் ரயிலில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். டிக்கெட் இல்லை. ரயில் ஊதியதும் இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டாள். யாரும் பார்க்கவில்லை. மறுநாள் கல்யாணம் நடந்தது.

"போன வாரம் ரொட்டி தின்னுட்டே கேக்குறார், ஜன்னல் கம்பியில மஞ்சள் ஒட்டிக்கிச்சேன்னு."

"ஏன் இறங்கினீங்க அவ்வா?"

"அதான் எனக்கே தெரியாது."

4

(இந்த இடத்தில் நீங்கள் நினைப்பதைத்தான் மந்தாகினியும் நினைத்தாள். படித்தவள். மறப்பது கணவன் அல்ல, மனைவி. எப்போதோ சொல்லிவிட்டுச் சொன்னதை மறந்திருக்கிறாள்.) பேச்சுவாக்கில் ஐந்து சொற்களைச் சொல்லிவிட்டுச் சற்று நேரம் கழித்துக் கேட்டாள். நீலம்மாவுக்கு ஒன்றுதான் வந்தது.

பத்து நாள் கழித்து இருவரும் மறுபடி வந்தார்கள். அந்த ரயிலைப் பற்றி மந்தாகினி கேட்டாள்.

"எந்த ரயில்?" என்றாள் நீலம்மா, மரியாதையாக.

அவளை வெளியே உட்காரவைத்துவிட்டுக் கணவனிடம் பேசினாள். "அஜ்ஜா, அவ்வாவை டாக்டர் பாக்கணும்."

"பாக்கட்டும். அதுக்குத்தானே வந்தேன். நேரா கூப்பிட்டா வரமாட்டா. எனக்குச் சோதனை, நீ சாட்சின்னா வருவா."

மந்தாகினிக்கு மூச்சு வந்தது. எல்லாம் விளங்கிவிட்டது.

"ஆனா அந்த ரயிலை அவ சொல்லல தாயி" என்றார் அவர். "காலையில கண்ணு முழிச்சா எனக்குள்ள வந்து இருக்கும். முந்தின நாள் அவ தொலைச்சது. அவ தங்கச்சி பேரு. பாலுக்கு உறை ஊத்துற அளவு. ரயில் மட்டும் முன்னாடியே வந்துடுச்சு. அப்போ அது அவகிட்டயும் இருந்துச்சு. இப்போ என்கிட்ட மட்டுந்தான் இருக்கு. அம்பது வருஷம் கூட வாழ்ந்தவ, என்னைக் கட்டிக்காம ஓடப் பாத்தாங்கிறது."

பேசும்போது கட்டைவிரலால் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார், ஏதோ ஒட்டியிருப்பதைப் போல. மந்தாகினி எட்டிப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

"ஏன் இறங்கினாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றார். சொன்னார்.

5

நீலம்மாவை டாக்டர் பார்த்தார். மறதி நோயின் தொடக்கம்; மருந்து கொடுத்திருக்கிறார்கள். இது நடந்தது. மற்றதை நான் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

பசவண்ணெப்பாவை மந்தாகினி ஆய்வில் சேர்க்கிறாள். ஒவ்வொரு வருடமும் முப்பதுக்கு முப்பது. அதற்கு மேல் அளக்க அந்தச் சோதனையில் இடமில்லை.

சேர்க்கவில்லை. பிறகு அவரை யாரும் கவனிக்கப் போவதில்லை, நீலம்மா தொலைப்பதையெல்லாம்... இதையும் முடிக்கவில்லை.

நீலம்மா தூக்கத்தில் பேசுகிறாள், அவர் கேட்டிருக்கிறார். இது மந்தாகினியே சொன்ன விளக்கம். "அப்படித்தான் இருக்கும்" என்று மழை விடுவதற்குள் இரண்டு முறை சொன்னாள். பிறகு, அன்று அவர்கள் கிளம்பும்போது மையத்தின் வாசலில் தன் காதில் விழுந்ததையும் சொன்னாள்.

"அந்தப் பொண்ணு ஏதோ ரயில்னு கேட்டாளே, என்ன ரயிலுங்க அது?" என்று கேட்டிருக்கிறாள் நீலம்மா.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "நாம கல்யாணமான புதுசுல மீரஜ் போனோமே, அது" என்றார்.

அவர்கள் மீரஜ் போனதே இல்லை.

நீலம்மா கொஞ்சம் யோசித்தாள். முகம் தெளிந்தது. "ஆமா. ஜன்னல் பக்கம் நான்தான் உக்காந்தேன்" என்றாள்.

அவள் அன்று ஏன் இறங்கினாள் என்பதை மந்தாகினி எனக்குச் சொன்னாள். ஒரு பத்தி எழுதி, அடித்துவிட்டேன். அது அவரிடமே இருக்கட்டும். படிவம் இன்னும் மந்தாகினியின் மேசையில்தான் கிடக்கிறது: மதிப்பெண் முழுதும் உண்டு, நம்பக்கூடிய சாட்சி இல்லை. ஆரோக்கியமானவர் என்று எழுதுவதா, வேண்டாமா. உங்களுக்குத் தோன்றுவதை எழுதிக்கொள்ளுங்கள், என்னால் முடியவில்லை.