இரண்டாவது சொட்டு

1.

இந்தக் கதை ஒரு அட்டைத் துண்டிலிருந்து வந்தது. அதில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சைக் கறை, ஒரு சாண் தள்ளி மிளகளவில் சிவப்பாக இன்னொன்று. பச்சையைப் பற்றி எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், சிரிக்கவும் சிரித்தாயிற்று. சிவப்பைப் பற்றி எனக்கு மட்டும்தான் தெரியும்.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "மலைச்சாலைத் தடுப்புக்கு முன்னால் இருக்கும் கடைசிப் பட்டறையில் ஹால்வார் என்றொரு மெக்கானிக் இருந்தான். வண்டி வாசலுக்கு வரும் முன்பே நோயைச் சொல்லிவிடும் அவன் காது, அந்தக் காது..."

அதோடு நிறுத்திவிட்டேன். காதைப் புகழ்ந்தே ஒரு பக்கம் போய்விடும் போலிருந்தது.

2.

இரண்டாவது வரைவு. மார்ச் மாதம், பகல் ஒரு மணி. மூன்று வாரமாக மைனஸ் இருபத்தைந்தில் கிடந்த ஊரில் அன்று காலை மேற்குக் காற்று திரும்பி, புயலையும் கூடவே வெதுவெதுப்பையும் கொண்டுவந்தது. வெதுவெதுப்பு என்றால் மைனஸ் இரண்டு. மலைச்சாலையை மூடிவிட்டார்கள். பனி தள்ளும் வண்டிக்குப் பின்னால் வரிசையாக மட்டுமே கடக்கலாம். கடைசி வரிசை இரண்டு மணிக்கு.*

பட்டறைக்குள் சூல்ஃப்ரிட் தன் பழைய எஸ்யூவியை ஓட்டி வந்தாள். அவளும் ஹால்வாரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பின்சீட்டில் அவள் மகள் இங்வில், முப்பத்தேழு வாரக் கர்ப்பம். காலையில் பனிக்குடம் உடைந்திருந்தது. ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம், தொண்ணூறு கிலோமீட்டர். ஹெலிகாப்டர் புயலில் கிளம்பாது, இருக்கிற ஒரே ஆம்புலன்ஸ் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தது. வண்டியோ டகடகவென்று அடித்துக்கொண்டது. சூட்டு முள் சிவப்பில் நின்றது, அடியில் ஏதோ ஒழுகியது.

(* வரிசையில் ஒரு வண்டி நின்றால் பின்னால் வருவதெல்லாம் நிற்கும். மலைமேல் அரைமணி நின்றால் பனி கதவை மூடிவிடும். அதனால்தான் தடுப்பில் ஒவ்வொரு வண்டியாக நிறுத்தி, தாங்குமா என்று கேட்பார்கள்.)

3.

ஹால்வார் நீளத் திருப்புளியின் பிடியைக் காதில் வைத்து, முனையை எஞ்சினில் ஊன்றிக் கேட்டான். ஆக்சிலேட்டரை அழுத்தினால் சத்தமும் வேகமெடுத்தது. ஆனால் இரும்பு இரும்பில் மோதும் சத்தம் இல்லை. மெத்தென்றிருந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு ரேடியேட்டருக்கு முன்னால் கைவிட்டு இழுத்தான். நனைந்து தொங்கிய ஒரு அட்டை வந்தது. அதன் கிழிந்த மூலைதான் ரேடியேட்டர் ஓரமாக உள்ளே நுழைந்து ஃபேனில் பட்டுக்கொண்டிருந்தது.

கடுங்குளிரில் எஞ்சின் சூடு பிடிக்க ரேடியேட்டருக்கு முன்னால் அட்டை செருகுவது இங்கே எல்லோரும் செய்வது. குளிர் குறைந்ததும் அதை எடுக்க மறப்பதும் அப்படித்தான். காற்றுப் போக வழியில்லாமல் கூலண்ட் கொதித்துப் பொங்கியிருக்கிறது. பச்சை ஒழுகல் அதுதான்.

"நான்தான் வெச்சேன், ஜனவரியில. சுத்தமா மறந்துட்டேன்" என்றாள் சூல்ஃப்ரிட். அவள் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

வலிக்கும் வலிக்கும் நடுவே இங்வில் தலையைத் தூக்கினாள். "அட்டையெல்லாம் கட்டி என்னைப் பார்சல்ல அனுப்பப் பாத்தியாம்மா?"

மூவரும் சிரித்தார்கள். ஹால்வார் எஞ்சினை ஆறவிட்டு, கூலண்ட் ஊற்றி மறுபடி ஓடவிட்டான். டகடக போயிற்று, முள் இறங்கியது. "உன் காதே காது" என்றார்கள் அம்மாவும் மகளும். அதே அட்டையை வண்டிக்கு அடியில் தள்ளிப் பத்து நிமிடம் காத்திருந்தான். வழிந்து மிச்சமிருந்த பச்சை சொட்டி ஓய்ந்தது. அப்புறம் சற்றுப் பின்னால், சிவப்பாக ஒன்று விழுந்தது. கியர் ஆயில்.

வருஷக்கணக்கான சின்னக் கசிவாக இருக்கலாம். குளிரில் விரிசல் விட்ட குழாயாகவும் இருக்கலாம். அதுவானால் ஏற்றத்தில் பிய்ந்துகொள்ளும். தூக்கிவைத்து அடித்தகட்டைக் கழற்றிப் பார்க்க ஒரு மணி நேரம் வேண்டும். இருந்தது பதினைந்து நிமிடம்.

4.

இந்த இடத்தில் நான் எழுதிவைத்திருந்தது: "ஹால்வார் எழுந்து, 'சூல்ஃப்ரிட், இன்னொரு சொட்டு இருக்கு, அது என்னன்னு எனக்குத் தெரியல' என்றான்."

நாலு நாள் இந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஹால்வார்மேல் நம்பிக்கையே வரவில்லை. இவ்வளவு நல்லவன் எந்தப் பட்டறையில் இருக்கிறான்?

சரி, சொல்லிவிடுகிறேன். ஹால்வார் என்று யாரும் இல்லை. பட்டறை என்னுடையது, திருப்புளியும் காதும் என்னுடையவை. அந்த வரியை மட்டும் யாரும் சொல்லவில்லை.

நீங்கள் இந்நேரம் கேட்டிருப்பீர்கள்: பிள்ளைத்தாய்ச்சியை வேறு வண்டியில் ஏற்றிவிட வேண்டியதுதானே? நல்ல கேள்வி. வரிசையில் ஒரு மீன் லாரி நின்றது. ஓட்டுபவன் தங்கமானவன், பக்கத்து இருக்கை காலி, உள்ளே சூடு உண்டு. அதில் ஏறச் சொல்ல என்னால் முடிந்திருக்கும். ஆனால் ஏன் என்று கேட்பார்கள். தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். முப்பது வருஷத்தில் அந்த வார்த்தையை நான் அந்தப் பட்டறையில் சொன்னதில்லை. சற்று முன்புதான் என் காதை அப்படிப் புகழ்ந்திருந்தார்கள், நீங்கள் மட்டும் அதைக்

[இதை முடிக்கப் போவதில்லை. சாக்குத்தான்.]

5.

இரண்டு மணியாக ஐந்து நிமிடம். பனி தள்ளும் வண்டிக்காரன் பிர்கர் தடுப்பிலிருந்து நேராகப் பட்டறைக்கே வந்துவிட்டான். சூல்ஃப்ரிடின் வண்டி புகைந்துகொண்டு வந்ததை அவனும் பார்த்திருந்தான். வண்டி எப்படி என்று ஜன்னலில் குனிந்து கேட்டான். அவள் என் பக்கம் கையைக் காட்டினாள்.

"அவன் சரின்னா சரி."

பிர்கர் என்னைப் பார்த்தான். "என் பின்னால ஆறு வண்டி வருது. நடுவுல நிக்காதுல்ல? தாங்குமா?"

வண்டிக்கு அடியிலிருந்து இழுத்துப் போட்ட அட்டைமேல் நான் நின்றுகொண்டிருந்தேன். சிவப்புச் சொட்டு என் பூட்ஸுக்கு அடியில் இருந்தது. தற்செயலாக அங்கே நின்றேன் என்று எழுதிப் பார்த்தேன், பொய். தெரிந்தேதான் கால் வைத்தேன்.

"தாங்கும்" என்றேன்.

6.

முடிவுகள் இரண்டு எழுதியிருக்கிறேன்.

அ) ஏற்றத்தின் உச்சியில் கியர் பிடிக்காமல் வண்டி நிற்கிறது. பின்னால் வரும் வண்டிகளும் நிற்கின்றன. பனி ஜன்னல்வரை ஏறுகிறது. உள்ளே சூல்ஃப்ரிட் தன் கோட்டைக் கழற்றி மகளுக்கு அடியில்...

ஆ) மூன்றே முக்காலுக்கு ஆஸ்பத்திரி. பெண் குழந்தை. மறுவாரம் சூல்ஃப்ரிட் கேக்கோடு வந்து, "உன் காது இல்லன்னா நாங்க என்ன ஆயிருப்போம்" என்கிறாள். அதற்கு நான்...

இரண்டில் ஒன்று நடந்தது. (ஆ) என்று சொன்னால், பிறகென்ன, நீ சொன்னது சரிதானே என்று விட்டுவிடுவீர்கள். (அ) என்று சொன்னால் என்னைத் திட்டிவிட்டுப் புத்தகத்தை மூடுவீர்கள். இரண்டாலும் எனக்கு ஆறாது. எந்த முடிவானாலும் நான் சொன்ன வார்த்தை அதேதான்.

தடுப்புக் கட்டை மேலே போயிற்று. பின்கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துவிட்டு இங்வில் எனக்குக் கையசைத்தாள். நானும் அசைத்தேன். பனிக்குள் அந்த வண்டியின் சிவப்பு விளக்குகள் உங்களுக்கு இன்னும் தெரிகின்றன இல்லையா? மறையும்வரை நீங்கள் பாருங்கள். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.