உறை செத்த பழி

மோப்பம் என்று அவருக்குப் பெயர் வந்ததற்கு மூக்குதான் காரணம். வயிற்றுக்கு நல்லது செய்யும் நுண்ணுயிர்களைப் பாலில் வளர்த்துத் தயிராக்கி விற்கும் அந்த ஆலையில், உறை அறை அவர் பொறுப்பு. ஜாடியைத் திறந்து முகர்ந்தாலே உறை உயிரோடு இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். அதே மூக்கை மனிதர்களிடமும் நீட்டுவார் என்பதுதான் தொல்லை.

அவருடைய மாப்பிள்ளை அங்கே வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளில் பால் தோயாமல் தண்ணீராக நின்றது. உறை செத்துப்போயிருந்தது. மாப்பிள்ளைக்குப் பின்புறக் கொட்டகையில் தயிர் வடிகட்டும் வேலை. மகள் தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்டவன்; மாமனாருக்கு அவன் சிரிப்பே பிடிக்காது. சேர்ந்த நாள் முதலே என்ன செய்கிறான் என்று கொட்டகைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உறை அறைக்குப் போவார்.

"போட்டிக் கம்பெனிக்காரன் இவனுக்குக் காசு குடுத்து உறையைக் கெடுக்கச் சொல்லியிருப்பான்," என்று வீட்டில் முணுமுணுத்தார்.

"அப்பா, அவருக்கு வேலை நிரந்தரம் ஆகிற நேரம். வயித்துல பிள்ளையோட நிக்கிறேன். உங்க வாயால கெடுத்துடாதீங்க," என்றாள் மகள்.

மனிதர் சும்மா இருப்பாரா? கையும் களவுமாகப் பிடிக்கப்போகிறேன் என்று தினமும் கொட்டகைக்குப் போய் டிரம்களுக்குப் பின்னால் பதுங்கினார். காலடியில் தயிரிலிருந்து இறங்கிய வடிதண்ணீர் தேங்கிக் கிடந்தது. மாப்பிள்ளை வடிகட்டினான், கழுவினான், தனியாகச் சிரித்தான். களவு மட்டும் அகப்படவில்லை. இவ்வளவு சுத்தமாக மறைக்கிறவன் பெரிய கில்லாடி என்று சந்தேகம் முற்றியது. யாரும் தேடுவதற்குள் உறை அறைக்கு ஓடிவந்து புது உறை வைப்பார், அதுவும் சாகும். கடைசியில் மேனேஜரிடம் மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லிவிட்டார்.

மேனேஜர் இருவரையும் கூப்பிட்டு நிறுத்தினார். ஆய்வுக்கூடத்து அம்மா வந்தார்.

"உறையைத் திங்கிற வைரஸ் சார். மனுஷனை ஒண்ணும் செய்யாது. வடிதண்ணியில நிறைய இருக்கு. அந்த ஈரத்தை மிதிச்ச காலோட யாரோ உறை அறைக்குள்ள வந்திருக்காங்க."

மேனேஜர் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "நீதானே அங்க வேலை பாக்கிறே?"

மோப்பம் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். செருப்பை மாற்றாமல் யாரும் நுழையக் கூடாது என்று உறை அறை வாசலில் எழுதி மாட்டியதே அவர்தான். இப்போது வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், பழி மாப்பிள்ளை தலையில் விழுந்துவிடும். அவர் ஒரு அடி முன்னால் வந்தார்.

"அவர் உறை அறை வாசலை மிதிச்சதே இல்ல சார். நான்தான் கொட்டகை ஈரத்தை மிதிச்ச செருப்போட உள்ள வந்தேன்," என்றார்.

வெளியே வந்ததும் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"டிரம்முக்குப் பின்னாடி நான் நின்னது தெரியுமா மாப்பிள்ளை?"

"தெரியும் மாமா. வீட்ல பேச முடியாத எதையோ சொல்ல வர்றீங்கன்னு நெனச்சேன். உங்களுக்குக் கூச்சம் போகட்டும்னுதான் சிரிச்சுக்கிட்டே இருந்தேன்."