போர்வைக்குள் ஓடிய கம்ப்யூட்டர்

கண்ணாடிக் கடையில் ஃபிரேமுக்கு லென்ஸ் அரைத்துப் பொருத்தும் வேலை அவனுக்கு. கடையில் யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சிப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். சாப்பாட்டு வேளையில் வாயைத் திறந்தால் கம்ப்யூட்டர் சிப்பைப் பற்றித்தான் பேச்சு. அடுத்து எது வரப்போகிறது, எப்போது வரும், அதில் என்ன கூடியிருக்கிறது, எல்லாம் விரல் நுனியில் இருக்கும். பாகங்களைத் தனித்தனியாக வாங்கித் தன் கையாலேயே கம்ப்யூட்டர் பூட்டுவது அவனுக்குப் பொழுதுபோக்கு. சிநேகிதர்களுக்கு ஆறு பூட்டிக் கொடுத்திருந்தான். ஆறும் நன்றாக ஓடின.

அவனுடைய அக்கா வீட்டிலிருந்தபடியே ஒரு கான்ட்ராக்டருக்கு வீட்டு வரைபடங்கள் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பழைய கம்ப்யூட்டர் ஒரு படத்தைத் திறந்து காட்டுவதற்குள் ஒரு வாளித் துணியை அலசிக் காயப்போட்டுவிட்டு வந்துவிடலாம். அதன் ஃபேன் மாவு மெஷின் மாதிரி இரையும். நீயே ஒன்று பூட்டிக் கொடுடா என்று போன வருஷம் தம்பியிடம் கேட்டாள்.

சிப்பு பொறுக்கச் சொன்னான். மூன்று மாதத்தில் புது சிப் வருகிறது, இப்போது வாங்குவது முட்டாள்தனம் என்றான். அதே விலைக்கு இரண்டு மடங்கு வேலை செய்யும், கரண்ட் குறைவாக இழுக்கும், சத்தமே வராது. அதற்கென்று வரும் புது மதர்போர்டை ஒரு தடவை வாங்கிவிட்டால் ஐந்து வருஷத்துக்கு சிப்பை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம். அவன் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. ஆனால் மூன்று மாதம் ஆறு மாதமாயிற்று. வெளியீட்டைத் தள்ளிவைத்தார்கள். அதற்குள் மெமரி விலையும் இறங்கட்டும் என்றான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்து, வந்த செய்தியையெல்லாம் அக்காவுக்கு ஒப்பிப்பான். அவளும் சலிக்காமல் "அப்படியா? சூடு ஆகாதா?" என்று கேட்டுக்கொள்வாள்.

பதின்மூன்றாவது மாதம் அந்த சிப் ஒருவழியாக வெளிவந்தது. அன்றைக்கு லீவு போட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் கடை திறக்கும் முன்பே வரிசையில் நின்று, எல்லாப் பாகங்களையும் வாங்கி, இரண்டு பெரிய பைகளோடு அக்கா வீட்டுக்குப் போனான். சொல்லாமல் போய் அசத்த வேண்டும் என்று நினைப்பு.

கதவைத் திறந்த அத்தான் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். பொய் சொல்ல வராத மனிதர். வாசலை மறித்துக்கொண்டு, "அட, சிப்பு வந்திருக்கானே" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். பையிலே என்ன, பஸ் கிடைத்ததா, சாப்பிட்டாயா என்று கேள்விமேல் கேள்வி. உள்ளே எதையோ தரையில் இழுக்கும் சத்தம் கேட்டது.

சிப்பு அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனான். மேஜைமேல் அந்தப் பழைய பெட்டி இருந்தது. அக்கா அதன் வயரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னும் பிளக்கில் சொருகவில்லை. மேஜைக்கு அடியில் ஏதோ ஒன்று, மேலே பூப்போட்ட போர்வை. அதற்குள்ளிருந்து மெல்லிய ரீங்காரம் வந்தது.

"என்னக்கா சத்தம்?"

"ஃபிரிட்ஜா இருக்கும்."

ஃபிரிட்ஜ் அடுத்த அறையில் இருந்தது. ஓடுகிற கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடினால் சூடேறிவிடும் என்பது மட்டும்தான் அந்த நொடியில் அவனுக்குத் தோன்றியது. பழக்க தோஷம், குனிந்து போர்வையை உருவிவிட்டான்.

கடையில் ரெடிமேடாகக் கிடைக்கிற சாதாரணப் பெட்டி. அவன் வாய்க்கு வந்தபடி கேலி செய்கிற ரகம். ஃபேன் துவாரத்தில் படிந்திருந்த தூசியைப் பார்த்தே அதன் வயதைக் கணக்குப் போட்டுவிட்டான். எட்டு மாதமாவது இருக்கும்.

அக்கா மெதுவாகச் சொன்னாள். ஒரு வீட்டுப் படம் முடிகிற நேரத்தில் பழைய கம்ப்யூட்டர் நின்றுபோய், இரண்டு நாள் நின்றபடியே பேப்பரில் கையால் வரைந்து கொடுத்தாளாம். கான்ட்ராக்டர் முகம் சுளித்தாராம். மறுநாளே போய் இதை வாங்கிவிட்டார்கள். அவன் வருகிறபோதெல்லாம் பழைய பெட்டியைத் தூக்கி மேஜைமேல் வைத்துவிடுவார்கள்.

"எங்கிட்ட ஏன்க்கா சொல்லலை?"

"போன்ல அவ்வளவு சந்தோஷமா பேசுவே. அதைப் போய் எப்படிடா கெடுக்கறது? எனக்காகத்தானே இத்தனை மெனக்கெடறே?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். இந்த வார்த்தை ஊசியாய்த் தைத்தது. சும்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தால் விஷயம் அதோடு போயிருக்கும். ஆனால் உள்ளே ஒன்று கிடந்து குடைந்தது.

"உனக்காக இல்லக்கா" என்றான். "கோடு போடற வேலைக்கு அப்ப இருந்த சிப்பே தாராளம். எனக்கு அது அப்பவே தெரியும். புதுசை முதல் ஆளா என் கையால பூட்டணும்னு ஆசை. அதுக்கு உன்னை சாக்கா வெச்சுக்கிட்டேன்."

அத்தான் கூரையைப் பார்த்தார். அக்கா வயரைச் சுருட்டி மேஜைமேல் வைத்தாள்.

"ரெண்டு நாள் நின்னேன்டா" என்றாள். "காலெல்லாம் வீங்கிப் போச்சு." சமையலறைக்குப் போனாள். பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாக உருண்டன.

சிப்பு கூசிப்போய், என்ன செய்வதென்று தெரியாமல் அந்த ரெடிமேடு பெட்டியைத் திறந்து, அத்தானிடம் பிரஷ் வாங்கித் தூசியைத் தட்டினான். வாங்கி வந்த மெமரியையாவது அதில் போட்டுக் கொடுக்கலாம் என்றால் அது இதில் பொருந்தாத வகை. பைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். அக்கா சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

புது கம்ப்யூட்டரைத் தன் அறையிலேயே பூட்டினான். படித்ததெல்லாம் நிஜம். சத்தமே இல்லை. கண்ணிமைப்பதற்குள் திறந்தது. திறந்து என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் போன் செய்யவில்லை. எந்த முகத்தோடு செய்வது? அதற்கடுத்த வாரமும் இல்லை. மூன்றாவது வாரம் அவளே கூப்பிட்டாள். குரலில் இன்னும் கொஞ்சம் விறைப்பு இருந்தது.

"புதுசு நல்லா ஓடுதா?"

"ஓடுதுக்கா" என்றான். காது மடல் சுட்டது. அதன் பெருமையை ஒப்பிக்காமல், "இப்ப என்ன வீடு வரையறே?" என்று கேட்டான்.

அவள் ஒரு குறுகலான மனையைப் பற்றி, எங்கே வைத்தாலும் இடிக்கிற மாடிப்படியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். எந்த வீட்டுக்கும் அவள் முதலில் படியைத்தான் வரைவாளாம். இத்தனை வருஷமாக அது அவனுக்குத் தெரியாது.