பூச்சுக்கு மேல் எடுத்த அளவு

ஆற்றுக்கடியில் ஓடிக்கொண்டிருந்த டர்பைனைக் கிரேன் தூக்கி மிதவை மேடையில் வைத்தது. மின்சாரம் எடுக்கும் மூன்று இறக்கைகளில் ஒன்று பாதியில் முறிந்திருந்தது. அதைப் பராமரிக்கும் பிட்டர் சேற்றை வழித்துவிட்டு ஓரத்தைத் தடவினார். தகரம்போல் மெலிந்திருந்த இரும்பு விரலைக் கீறியது. வெள்ளத்தோடு வந்த மணல் நான்கு மாதமாக அதை அராவியிருந்தது.

அவருடைய மனைவியின் தம்பி அங்கேதான் வெல்டர். குனிந்து பார்த்தான்.

"மாமா, உங்க நோட்டுல இது எவ்ளோ?"

"ஒம்போது மில்லி."

"இது ரெண்டுகூட தேறாதே!"

மாதம் ஒருமுறை டர்பைனை மேலே தூக்கி, இறக்கையைக் கழுவி, தேய்ந்த ஓரத்தில் பிசின் பூச்சை அப்பி, அது காய்ந்த பிறகுதான் பிட்டர் கனம் அளக்கும் காலிப்பரை வைப்பார். முதல் வருடம் இன்ஜினியர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். கனம் ஆறு மில்லிக்குக் கீழே போனால் இறக்கையை மாற்ற வேண்டும். பூச்சின் கனமும் சேர்ந்ததால் அளவு ஒன்பதை விட்டு இறங்கவே இல்லை.

"கெழவிக்குப் பவுடர் அப்பிட்டு வயசு கேட்ட கதைதான்" என்று சிரித்தான் வெல்டர்.

பிட்டருக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பது வருடம் ஒப்பந்தத்தில் ஓடியாயிற்று. அடுத்த மாதம் வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அலுவலகத்தில் இன்ஜினியர் நோட்டைப் புரட்டினார்.

"கையெழுத்து யாருது?"

"என்னுதுதான் சார். பூசிட்டு அளக்கச் சொன்னது நீங்கதானே?"

"எழுதிக் குடுத்தேனா?"

"வெள்ளம் வந்தப்போ டர்பைனத் தூக்கி வெச்சிரலாமான்னு கேட்டேன். ஓடட்டும்னீங்க."

"அதுவும் வாய்ப்பேச்சுதானே? மேலேருந்து கேட்டா நான் இந்த நோட்டத்தான் காட்ட முடியும். நாளையிலேருந்து வர வேணாம்."

வெளியே வெல்டர் காத்திருந்தான். பிட்டரின் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அக்காகிட்ட நானே சொல்றேன் மாமா. நீங்க சொன்னா பாதிய முழுங்கிடுவீங்க."

"அவ என்னத்தான் திட்டுவா."

"என்னையும் சேத்துதான் திட்டுவா. வாங்க."

போவதற்கு முன் கம்பெனிப் பொருள்களை ஒப்படைக்க வேண்டியிருந்தது. ஸ்டோர் கிளார்க் ஹெல்மெட்டையும் மிதவை உடுப்பையும் வாங்கி வைத்தார். பூட்ஸைக் கவிழ்த்துப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"அடி இப்படி வழவழன்னு போயிருக்கே, பாத்துப் போட்டுக்கக் கூடாதா?"

"கரையெல்லாம் மணல்தானே சார்."

கிளார்க் கட்டைவிரலால் அடியை ஒருமுறை தடவினார். பிறகு படிவத்தில் ‘கவனக்குறைவு’ என்று எழுதத் தொடங்கினார். ஸ்டோர் வாசலில், உச்சி வெயிலில் காய்ந்த இரும்புத் தகட்டின்மேல் பிட்டர் வெறுங்காலோடு, கால் மாற்றிக் கால் வைத்து, அதன் கீழே கையெழுத்துப் போடக் காத்து நின்றார்.