பூஜைக்கு வைத்த மெஷின்

சுனாமிக்கு அடுத்த வருஷம், ஆயுத பூஜையன்று, மரக்காணம் உப்பளக் கூலி அய்யனாருக்கு ஏழாம் மாதத்திலேயே மகன் பிறந்துவிட்டான். கொண்டுபோய்ச் சேர்த்த பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் குழந்தையின் இதயத்தையும் மூளையையும் ஸ்கேன் எடுக்கும் மெஷினுக்குப் பொட்டிட்டு, மாலை போட்டு, ஓய்வு கொடுத்திருந்தார்கள்.

"பூஜையில வெச்சதை எப்படிங்க தொடுறது? காலையில எடுத்துடலாம்," என்றாள் நர்ஸ்.

அய்யனாரும் தலையாட்டினான். உப்பு வாரும் பலகைக்குப் பொட்டு வைத்துவிட்டு வந்தவன்தானே அவனும்!

மறுநாள், குங்குமம் கலையாத மெஷினில் பார்த்துவிட்டு டாக்டர் வெளியே வந்தார்.

"இதயத்துல, பொறந்ததும் மூடவேண்டிய குழாய் மூடலப்பா. நேத்தே பாத்திருந்தா மருந்து குடுத்திருக்கலாம். இப்ப மூளையில ரத்தம் கசிஞ்சிடுச்சு. இனிமே பிழைக்காது."

அந்த மெஷினுக்குப் படைத்த பொரியை, நேற்று நர்ஸ் கொடுத்தபோது, பிள்ளை பிழைக்கட்டும் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு தின்றிருந்தான் அய்யனார். ஒரு பொரிகூடச் சிந்தாமல்.