மேனகாவின் அண்ணன்

மகன் பாலகுமார் இறந்த ஏழாவது மாதம் முருகேசனும் தனலட்சுமியும் சேலத்தை விட்டு மேலே ஏற்காட்டு மலைக்கு வந்தார்கள். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த பையன். ஆறு நாள் காய்ச்சலில் போய்விட்டான். அதன்பிறகு அந்தத் தெருவில் தனலட்சுமி தண்ணீர் பிடிக்கப் போனாலே பேச்சு நின்றுவிடும். ஏற்காடு ஏரிக்கரை ஓட்டல் ஒன்றில் மோட்டாரும் ஜெனரேட்டரும் பார்த்துக்கொள்ள எலக்ட்ரீஷியன் வேண்டுமென்று கேள்விப்பட்டதும், முருகேசன் அவளிடம் கேட்கக்கூட இல்லை. சரியென்று சொல்லிவிட்டான்.

பக்கத்திலிருந்த நாகலூர் கிராமத்தில் வாடகைக்கு வீடு கிடைத்தது. காப்பித் தோட்டம் வைத்திருந்த அம்மாசி என்பவர் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே கட்டிவிட்டிருந்த இரண்டு அறை. ஜூன் மாதம், சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தபோது அம்மாசியின் மனைவி குப்பாயி ஒரு சொம்பில் காப்பி கொண்டுவந்தாள்.

"குளிரு நொம்ப இருக்குமுங்க, பழகற வரைக்கும். ஏனுங்க, உங்களுக்கு எத்தன கொழந்தைங்க?"

"ஒண்ணுதானுங்க. இந்தப் புள்ள மட்டும்தான்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. வாளியோடு வந்த பத்து வயது மேனகா அப்படியே நின்று அம்மாவைப் பார்த்தாள். கட்டிலைத் தூக்கிக்கொண்டிருந்த முருகேசன் தலையைத் திருப்பிக்கொண்டான். பாலகுமாரின் போட்டோ இருந்த அட்டைப்பெட்டியைத் தனலட்சுமி பிரிக்காமலேயே பரண்மேல் தள்ளினாள்.

அந்தப் பொய் அவளுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. இங்கே அவள் வெறும் மேனகாவின் அம்மா. மழைக்காலத்தில் துணி நாலு நாளானாலும் காயாது என்பதையும், அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போட வேண்டும் என்பதையும் குப்பாயி சொல்லிக்கொடுத்தாள். மேனகாவும் குப்பாயியின் மகள் மலரும் ஒரே வகுப்பு. ஒரே குடையில் போய் ஒரே குடையில் திரும்பி வந்தார்கள். கார்த்திகையில் குப்பாயி தோட்டத்துக்குக் காப்பிப் பழம் பறிக்கவும் தனலட்சுமி போகத் தொடங்கினாள். இனி இங்கேயே இருந்துவிடலாம் என்று ஒருநாள் முருகேசனிடம் சொன்னாள்.

டிசம்பரில் ஒரு சாயங்காலம் குப்பாயி மடி நிறைய கமலாப்பழம் எடுத்துக்கொண்டு வந்தாள். பின்னாலேயே மலர்.

"உங்க மூத்த பையன் லீவுக்கு வர்றாருங்களாமா? மலருதான் சொன்னா. ஆஸ்டல்ல சாப்பாடு சரியா இருக்காதுங்க, அவருக்குன்னு எடுத்து வைங்க. இப்படியொரு பையன் இருக்கறத எங்கிட்டச் சொல்லவே இல்லயேங்க!"

தனலட்சுமி மலர் பக்கம் திரும்பினாள். "உனக்கு யாரு சொன்னது?"

"மேனகாதானுங்க அத்தை," என்றாள் மலர். "அவங்கண்ணன் ஏரியில எங்கள போட்ல கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காங்களாம்."

"அவ பொய் சொல்றா. அவளுக்கு அண்ணனெல்லாம் யாருமில்ல."

கத்திவிட்டாள் என்பது குப்பாயியின் முகத்தைப் பார்த்தபிறகுதான் தெரிந்தது. பழங்களை வாசலில் வைத்துவிட்டு அவள் மகளை இழுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் மேனகா குடையில்லாமல் நனைந்து வந்தாள். மலர் வகுப்பில் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். 'பொய்க்காரி' என்று கரும்பலகையில் யாரோ எழுதியும் வைத்திருந்தார்கள். தனலட்சுமி தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள்: "ஏன் பாப்பா அப்படிச் சொன்ன?"

"நீ அண்ணன் இல்லவே இல்லைன்னு சொன்ன. நான் வருவான்னு சொன்னேன். ரெண்டுமே பொய்தானே. உன்ன மட்டும் யாரும் பொய்க்காரின்னு சொல்லல."

துண்டு தனலட்சுமியின் கையிலேயே நின்றது.

"இங்க வந்ததிலிருந்து யாருமே அவன் பேரச் சொல்றதில்லம்மா. எனக்கு அவன் குரலே மறந்துபோச்சு. எவ்வளவு நெனச்சுப் பாத்தாலும் வரமாட்டேங்குது."

ஆறரை மணி பஸ்ஸில் வந்த முருகேசன் வாசலிலேயே நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, மகள் பக்கத்தில் உட்கார்ந்து, போனை எடுத்தான்.

"அப்பாட்ட இருக்குது சாமி. ஜெனரேட்டர் ரூம்ல தெனமும் கேப்பேன்." பிறகு மனைவியைப் பார்த்தான். "நீ தாங்கமாட்டேன்னுதான் தனம், போட்டுக் காட்டல."

பாலகுமார் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல், பின்னால் மிக்ஸி ஓடும் சத்தத்தோடு: "அப்பா, ஒண்ணுமில்ல, லேசாத்தான் சுடுது. அம்மா மாத்திர குடுத்துச்சு, தூங்கி எந்திரிச்சா சரியாயிரும். நீங்க வேலைய விட்டுட்டு வராதீங்க. வர்றப்ப பாப்பாவுக்குப் பரோட்டா வாங்கிட்டு வாங்க, நேத்திருந்து கேட்டுட்டு இருக்கா."

மூன்று நாள் அந்த மாத்திரையைத்தான் தனலட்சுமி கொடுத்துக்கொண்டிருந்தாள். நாலாவது நாள்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். குரல் நின்றதும் அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். சத்தமே வராமல் அழுதாள். மேனகா, "இன்னொருக்கா போடுங்கப்பா" என்றாள். அவன் போட்டான். மறுபடியும் போடச் சொன்னாள்.

சனிக்கிழமை காலையில் தனலட்சுமி குப்பாயி வீட்டுக்குப் போனாள். குப்பாயி களத்தில் காப்பிப் பழத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள். முகம் கொடுத்துப் பேசவில்லை.

"எனக்கு ரெண்டு கொழந்தைங்க," என்றாள் தனலட்சுமி. "மூத்தவன் பேரு பாலகுமாரு. போன வருஷம் நவம்பர்ல எறந்துட்டான். பொய் சொன்னது எம்புள்ள இல்லீங்க, நான்தான்." மாத்திரையைப் பற்றியும் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை.

குப்பாயி கிளறுபலகையைக் கீழே போட்டாள். வந்து தனலட்சுமியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அந்தக் கொழந்த மனசு என்ன பாடு பட்டுருக்கும்" என்றுமட்டும் சொன்னாள்.

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த மலர் மேனகாவைத் தேடி ஓடினாள். தனலட்சுமி பின்னாலேயே போனாள். மேனகா வீட்டுப் படியில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"உங்கண்ணன் பேரு பாலகுமாராமே," என்றாள் மலர், மூச்சு வாங்க. "எனக்குத் தெரியாதுடி. திங்கக்கெழம எல்லார்கிட்டயும் சொல்லிடறேன், நீ பொய் சொல்லலைன்னு."

மேனகா பேனாவை மூடினாள்.

"வேண்டாம். பொய்தான் சொன்னேன். அவன் வரமாட்டான், செத்துப்போயிட்டான்."

ஒரு வருஷமாக அந்தக் குடும்பத்தில் அந்த வார்த்தையை யாரும் மகளிடம் சொன்னதில்லை. நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு மேனகா உள்ளே போனாள். மலர் என்ன செய்வதென்று தெரியாமல் தனலட்சுமியைத் திரும்பிப் பார்த்தாள். தனலட்சுமி அவளைத் தாண்டி உள்ளே போய், ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரணிலிருந்த பெட்டியை இறக்கத் தொடங்கினாள்.